பழைய லென்சும் புதிய காமிராவும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் நிறைந்த பசுமையான மலைநாடு விரிகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இவற்றைப் படம்பிடிக்க விலையுயர்ந்த லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. பிலிம் காமிராக் காலத்துப் பழைய லென்ஸ் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்தால் அதுவே போதும். ஆனால், அதை இன்றைய டிஜிட்டல் காமிராவில் பொருத்துமுன் சிறிது பௌதிகம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், மிளகுக் கொடி படத்தில் விழும், அருவி விழாது!

எடுத்துக்காட்டாக, சோவியத் நாட்டின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான 'ஹீலியோஸ் 44-2' என்ற லென்சை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் வடிவமைத்த 'பயோட்டார்' லென்சைப் பின்பற்றி உருவானது இது. குவியத் தூரம் 58 மி.மீ. இதில் மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. வளையத்தைக் கையால் திருகினால் லென்ஸ் முன்னே நகரும், அவ்வளவே.

ஏன் முன்னே நகர வேண்டும்? மிகத் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சிலிருந்து 58 மி.மீ. தூரத்தில் விழுகிறது. பொருள் நெருங்க நெருங்க, பிம்பம் பின்னே தள்ளிப் போகிறது. பாடத்தில் படித்த லென்ஸ் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 100 மீட்டரில் உள்ள மரத்திற்கு லென்ஸ் முன்னே வர வேண்டியது 0.034 மி.மீ. மட்டுமே. 10 மீட்டருக்கு 0.34 மி.மீ.; 1 மீட்டருக்கு 3.6 மி.மீ.; அரை மீட்டருக்கு 7.6 மி.மீ. தொலைவுப் பொருள்களுக்கு வளையம் சற்றே அசைவதும், அருகிலுள்ள பூவுக்கு வெகுவாகச் சுற்றுவதும் இதனால்தான்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இந்த லென்சின் அடிப்பகுதியில் 42 மி.மீ. விட்டமுள்ள திருகுமரை இருக்கிறது. 1949-இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளியான 'காண்டாக்ஸ் எஸ்' காமிராவில் இடம்பெற்ற முறை இது. இம்முறையில், லென்ஸ் அமரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. தூரம் இருந்தாக வேண்டும். எதற்காக இவ்வளவு இடம்? பார்வைத் துளைக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று அக்காமிராக்களினுள் சாய்வாக நின்றது. ஷட்டர் திறக்கும்போது அது மேலே எழும்ப இடம் தேவைப்பட்டது.

2008 முதல் விற்பனைக்கு வந்த 'மிர்ரர்லெஸ்' காமிராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஆகவே லென்சை ஒளியுணர் தகட்டுக்கு மிக அருகில் வைக்க முடிகிறது. சோனி காமிராவில் இத்தூரம் 18 மி.மீ.; நிக்கான் 'இசட்' வகையில் 16 மி.மீ. பழைய லென்சுக்கு வேண்டிய 45.46-இல் 18-ஐக் கழித்தால் மீதி 27.46 மி.மீ. அந்த நீளத்திற்கு ஒரு வெற்றுக்குழாயை இடையே வைத்தால் போதும். 'அடாப்டர்' என்று கடையில் விற்பது இதுதான். உள்ளே கண்ணாடித்துண்டு எதுவும் இல்லாததால் விலையும் குறைவு.

ஆனால் கண்ணாடி உள்ள நிக்கான் 'எஃப்' வகைக் காமிராவில் இத்தூரம் 46.5 மி.மீ. தேவையைவிட 1.04 மி.மீ. அதிகம்! ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். லென்சை முழுவதும் பின்னே இழுத்தாலும், பிம்பத் தூரம் 59.04 மி.மீ. ஆகிவிடுகிறது. சமன்பாட்டில் இதைப் போட்டால், தெளிவாகத் தெரியும் அதிகபட்சத் தூரம் 3.3 மீட்டர் என்று வருகிறது. அதற்கு அப்பாலுள்ள மலையும் அருவியும் மங்கலாகவே இருக்கும். எனவே, காசு கொடுக்குமுன் இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

லென்சில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறித்திருப்பார்கள். குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 2-இல் விட்டம் 29 மி.மீ.; 16-இல் ஏறத்தாழ 3.6 மி.மீ. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது; ஆறு படிகளில் 64-இல் ஒரு பங்காகிவிடும். துளை சுருங்கினால் இன்னொரு நன்மை உண்டு. லென்சைத் தொலைவுக்கு வைத்துவிட்டு, 10 மீட்டரில் உள்ள பாறையைப் படமெடுப்பதாகக் கொள்வோம். பாறையின் ஒவ்வொரு புள்ளியும் 2-இல் 0.17 மி.மீ. அகல வட்டமாகப் பரவும், 16-இல் 0.02 மி.மீ. வட்டமாகவே விழும். கண்ணுக்கு அது புள்ளியாகவே தோன்றும். துளை எண்ணை 16-லும் வளையத்தை 7 மீட்டரிலும் வைத்தால், 36-க்கு 24 மி.மீ. தகடுள்ள காமிராவில், மூன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக அமையும்.

காமிராவில் மூன்று ஏற்பாடுகள் செய்யுங்கள். முதலாவது, லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி அமைப்புப் பட்டியலில் மாற்றுங்கள். இந்த லென்ஸ் இருப்பதைக் காமிரா அறியாது. இரண்டாவது, துளையை நீங்கள் தீர்மானிக்க, ஷட்டர் நேரத்தைக் காமிரா தீர்மானிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தபடி வளையத்தைத் திருப்புங்கள். கூர்மையான விளிம்புகளை வண்ணக்கோட்டால் காட்டும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

கொல்லிமலையின் பனிமூட்டத்தில் பழைய லென்சுக்கு ஒரு குறை தெரியும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைப் பிரதிபலிக்கிறது. ஹீலியோசில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லையென்றால் 28 சதவீத ஒளி நேராகச் செல்லாது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கச் செய்யும். பழைய லென்சுகளின் பூச்சு இதைக் குறைக்கிறதே தவிர, இன்றைய பல அடுக்குப் பூச்சுக்கு ஈடாகாது. கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டி லென்சின் முகப்பில் ஒரு மறைப்புக்குழாய் செய்துவிட்டால், பக்கவாட்டு ஒளி தடைபட்டுப் படம் தெளியும்.

ஈரமும் லென்சுக்குப் பகை. வாங்குமுன் டார்ச்சு ஒளியில் உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நல்ல லென்சைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். குளிர்ந்த மலையிலிருந்து வெப்பமான சமவெளிக்கு இறங்கியதும் லென்சைப் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடிமேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும். சூரியனை நோக்கி லென்சை ஒருபோதும் திருப்பாதீர்கள்; கண்ணுக்கும் ஒளியுணர் தகட்டுக்கும் தீங்கு.

காமிரா இல்லாதவர்களும் இச்சோதனையைச் செய்யலாம். ஒரு பூதக்கண்ணாடியால் சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தை எதிர்ச்சுவரில் வீழ்த்துங்கள். சுவருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, ஒரு மீட்டரில் எரியும் மெழுகுவர்த்தியின் பிம்பத்தை வீழ்த்தி மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு சமன்பாட்டோடு பொருந்துகிறதா?