புளி போட்டு தேய்ச்சா போச்சு! பழைய நாணயத்தை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கரூர்: பாட்டி காலத்து ஓட்டைக் காலணா, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் எல்லாம் இன்னும் பலரது வீட்டு பூஜை அறையில் இருக்கிறது. கறுத்துப் போச்சே என்று அதை புளி, எலுமிச்சம்பழம், பல்பொடி போட்டு தேய்த்து பளபளப்பாக்கி விடுகிறார்கள். அதோடு நாணயத்தின் மதிப்பும் போய்விடுகிறது.

காரணம் இதுதான். செம்பு நாணயத்தில் படிந்துள்ள பழுப்பு, பச்சை நிறம் அழுக்கு அல்ல. காற்றும் ஈரமும் பட்டு வருஷக்கணக்கில் உருவான மேல்தோல். புளியில் உள்ள அமிலம் அந்த தோலை அரித்து விடும். பல்பொடியோ மெல்லிய கீறல் போட்டு எழுத்தையும் உருவத்தையும் தேய்த்து விடும். சேகரிப்பவர்கள் இதை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையை குறைத்து விடுவார்கள்.

5-ம் ஜார்ஜ் மன்னர் காலத்து (1910-1936) வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். முகம் தேய்ந்து விட்டால் அது வெறும் வெள்ளி விலைக்குத்தான் போகும்.

சரி, குங்குமம், எண்ணெய் பிசுக்கு, மண் ஒட்டியிருந்தால் என்ன செய்வது?

* பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள் (ஆசிட் அல்ல, கவனம்).

* பிளாஸ்டிக் கிண்ணத்தில் மெல்லிய துணி விரித்து, நாணயத்தை தனித்தனியாக ஊற வையுங்கள். மண் இறுகியிருந்தால் தண்ணீரை மாற்றி ஒரு நாள் வரை விடலாம்.

* பிசுக்கு இருந்தால் மட்டும் ஒரு சொட்டு மென்மையான சோப்பு நீர் சேர்த்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

* பிரஷ், ஸ்கிரப்பர் வேண்டாம். பருத்தி துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது.

* நன்றாக காய்ந்த பிறகு காகிதத்தில் தனித்தனியாக மடித்து வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் வெள்ளி கறுக்கும்.

* நாணயத்தை எப்போதும் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். விரல் வியர்வையும் கறையாகும்.

வெளிர்பச்சையாக பொடிப்பொடியாய் உதிர்ந்தால் அது அரிப்பு நோய். மற்ற நாணயங்களில் இருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். கரூர் அமராவதி ஆற்றுப் பகுதியில் சேரர், ரோமானியர் கால நாணயங்கள் கிடைத்துள்ளன. மண்ணில் இருந்து இப்படி எடுத்த நாணயத்தை கழுவவே வேண்டாம். 1878-ம் ஆண்டு இந்திய புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு தகவல் தர வேண்டும். மறைத்தால் ஜெயில் தண்டனையும் உண்டு.

மொத்தத்தில், சந்தேகமாக இருந்தால் கை வைக்காமல் அப்படியே விடுவதுதான் நல்லது. அழுக்கை அப்புறம் கூட எடுக்கலாம். தேய்ந்து போனதை திரும்ப கொண்டு வர முடியாது.