திரையில் எழும் நிஜ நிலம்

2014 ஏப்ரலில் டென்மார்க் அரசின் நிலத்தரவுத் துறை, தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஒரு மீட்டருக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு கனசதுரக் கட்டி. தெரு, வீடு, வயல், கடற்கரை எல்லாமே அசல் அளவில். மொத்தம் சுமார் நான்கு லட்சம் கோடி பிளாக்குகள். தரவு ஒரு டெராபைட்டைத் தொட்டது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊருக்குள்ளேயே நடந்து திரிந்து படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். சில வாரங்களில் விஷமிகள் புகுந்து கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அமெரிக்கக் கொடிகளை நட்டார்கள். டைனமைட்டை முன்கூட்டியே முடக்கியிருந்த துறை, டைனமைட் ஏற்றிய சுரங்க வண்டியை முடக்காமல் விட்டிருந்தது.

பத்திரிகைகள் அந்த வெடியைத்தான் எழுதின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததுதான் பெரிய சங்கதி. 2013-லேயே அந்த அரசு, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்த தன் நிலத்தின் உயரங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருந்தது. விளையாட்டு அதன் பலன்களில் ஒன்று.

டென்மார்க்குக்கு ஒரு வசதியும் இருந்தது. அன்றைய மைன்கிராஃப்டில் 256 பிளாக்குகளுக்கு மேல் எதையும் எழுப்ப முடியாது. டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடான மொல்லஹொய் 170.86 மீட்டர்தான். நாடே கூரைக்குள் அடங்கிவிட்டது. பிரிட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்நாட்டின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வே, 2013-ல் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவரைக்கொண்டு 2,200 கோடி பிளாக்குகளில் பிரிட்டனை எழுப்பியபோது, தரையில் 50 மீட்டருக்கு ஒரு பிளாக் என்று வைத்தது. உயரத்துக்கும் அதே கணக்கு என்றால் 1,345 மீட்டர் பென் நெவிஸ் வெறும் 27 பிளாக் குன்றாகிவிடும். தாழ்வான கரையோர மேடுகள் இருந்த இடம் தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் கூட்டிக் காட்டினார்கள். அளவைத் துறைக்கு உறுத்தக்கூடிய முடிவுதான். ஆனாலும் அதைச் சரியென்றே சொல்வேன். அசல் சரிவை அப்படியே திரையில் வைத்தால் கண்ணுக்குச் சப்பையாகத் தெரியும் என்பது நிலம் வடிக்கும் டிசைனர்கள் எல்லோருக்கும் பழகிய அனுபவம்.

லேசரால் அளக்கப்படாத நாடுகளுக்கு 2000 பிப்ரவரியில் ஒரு வழி பிறந்தது. எண்டெவர் விண்வெளி ஓடம், 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, இரு முனைகளிலும் ரேடார் ஆண்டெனாக்களுடன் 11 நாள் பூமியைச் சுற்றியது. உலக நிலப்பரப்பில் 80 சதவீதத்தின் உயரம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றே முதலில் கொடுத்தார்கள். 30 மீட்டர் தரவு 2014 செப்டம்பரிலிருந்துதான் பொதுவுக்கு வரத் தொடங்கியது.

அந்த 30 மீட்டர் தரவில், வடக்கு அட்சரேகை 11, கிழக்குத் தீர்க்கரேகை 76 என்று குறித்த கோப்பை இறக்கிப் பாருங்கள். ஊட்டியும் தொட்டபெட்டாவும் அதற்குள் இருக்கின்றன. படம் கிடையாது, பெயர் கிடையாது. 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 எண்கள். ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் உயரம், மீட்டரில். இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றுவார்கள்: பள்ளம் கறுப்பு, சிகரம் வெளுப்பு. இதற்குப் பெயர் ஹைட்மேப். விளையாட்டை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சின் அந்த வெளுப்பைப் படித்து மலையை மேலே தூக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. சாதாரணப் படத்தில் சாம்பல் நிறத்துக்கு 256 படிகள்தான். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவை அதில் அடைத்தால் ஒரு படிக்குப் பத்து மீட்டர் வரும். வழவழப்பான சரிவெல்லாம் மலைவயல் போலப் படிப்படியாக வெட்டுப்படும். 65,536 படிகள் கொண்ட 16 பிட் படமாகச் சேமித்தால்தான் மலை மலையாக இருக்கும்.

அடுத்தது ஓட்டைகள். செங்குத்தான மலைக்குப் பின்னால் ரேடார் எட்டாத இடங்களில், முதலில் வந்த கோப்புகள் மைனஸ் 32,768 என்று எழுதி வைத்திருக்கும். 'தரவு இல்லை' என்று பொருள். எஞ்சினுக்கு அது தெரியாது. நடுமலையில் 32 கிலோமீட்டர் பள்ளத்தைத் தோண்டிவிடும். அடர்ந்த காடும் ஏமாற்றும்: ரேடார் தரைவரை இறங்காமல் மரத்தலையிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுவதால், சோலைக்காடு மேடாகப் பதிவாகும். அக்கம்பக்கத்து உயரங்களைப் பார்த்து ஓட்டையை அடைப்பதும் காட்டு மேட்டைத் தணிப்பதும் பொறுமை கேட்கிற வேலை. அந்த இடத்தின் நிலத்தை அறிந்தவர் செய்தால்தான் அது தேறும்.

உயரத்தை விண்ணிலிருந்து அளப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தரையில் நின்று கேமராவைத் தூக்கியவர்களின் கதை வேறு. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம், ஆர்மா 3 விளையாட்டுக்காக கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைச் சற்றே சுருக்கி வடித்துக்கொண்டிருந்தது. 2012 செப்டம்பரில் அதன் ஊழியர் இருவர் அந்தத் தீவில் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். விடுமுறைக்குத்தான் வந்தோம் என்றார்கள். ராணுவ இடங்களைப் படமெடுத்தார்கள் என்றது அரசு. நான்கு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்து, 2013 ஜனவரியில் ஜாமீனில் வந்தார்கள். விளையாட்டுத் தீவின் பெயர் ஆல்டிஸ் என்று மாறியது. அதே தீவின் உயரங்கள் அப்போதே 90 மீட்டர் கோப்பில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன.

இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில்தான் பூட்டு திறந்தது. முன் அனுமதியில்லாமல் இந்திய நிறுவனங்கள் நிலத்தை அளந்து வரைபடம் வெளியிடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் போதாது. தனியார் அளந்தது தனியார் கையில்தான் இருக்கும். மக்கள் பணத்தில் அளக்கும் நுட்பமான உயரங்களை டென்மார்க்கைப் போல எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். 30 மீட்டர் தரவில் தொட்டபெட்டா தெரிகிறது. மழைநீரைச் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குக் கொண்டுசெல்லும் சின்ன வாய்க்கால் தெரியாது. வேளச்சேரியில் வளரும் ஒரு பிள்ளை தன் தெருவைத் திரையில் எழுப்பி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அது எங்கே தேங்குகிறது என்று பார்க்க, ஒரு மீட்டருக்கு ஓர் உயரம் வேண்டும்.