காற்றிலிருந்து கிணறு வரை

காற்றிலே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் எனும் வாயுவாகும். இலையின் பச்சையமும் உயிர்களின் உடலை ஆக்கும் புரதமும் நைதரசனின்றி அமையா. ஆயினும், அவ்வாயு சூழ நிற்கும் பயிரே நைதரசன் போதாமல் மஞ்சளித்து வாடுவதை உழவர் அறிவர். இதற்குக் காரணம் யாது? காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை அறுக்கும் ஆற்றல் பயிருக்கும் இல்லை, விலங்குக்கும் இல்லை.

இயற்கையிலே அதனை அறுக்க வல்லவை இரண்டு. ஒன்று மின்னல், மற்றையது சிலவகைப் பற்றீரியாக்கள். மின்னலாற் கிடைப்பது சிறிதளவே. பயறு, உழுந்து, சணல் முதலிய அவரையினச் செடியொன்றை வேரோடு பிடுங்கினால் வேரிலே சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றுள் வாழும் பற்றீரியாக்களுக்குச் செடி வெல்லத்தை வழங்குகின்றது. அவை காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிச் செடிக்கு வழங்குகின்றன. இவ்வுண்மையை ஜேர்மனிய அறிஞர்களான ஹெல்றீகலும் வில்பார்த்தும் 1888 ஆம் ஆண்டில் விளக்கினர். நெல் அறுத்த வயலிலே சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதைக்கும் யாழ்ப்பாணத்து வழக்கம் இவ்வுண்மைக்கு இசைந்ததேயாகும்.

சருகும் எருவும் இறந்த உடல்களும் மண்ணில் உக்கும்போது அமோனியா வெளிப்படுகின்றது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றை வேர் உறிஞ்சுகின்றது. நீர் தேங்கிக் காற்றோட்டமற்ற மண்ணிலே, பிறிதொருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சிதைத்து நைதரசனை மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. இவ்வாறு வட்டம் நிறைவுறுகின்றது.

இவ்வட்டத்தினுள் மனிதனும் புகுந்தான். ஹேபர் கண்ட முறையைக் கொண்டு, 1913 இல் ஜேர்மனியிலே காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா ஆக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று 100 கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. ஆனால் இட்டதனைத்தையும் பயிர் உண்பதில்லை. நைத்திரேற்று நீரில் எளிதிற் கரைவது. மண் அதனைப் பற்றி வைப்பதில்லை.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரே உயிர்நீர். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அந்நீரைச் சேர்கின்றன. ஓர் இலீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற, அதன் செறிவு கூடும்.

அதற்காக உரத்தையே ஒழித்தல் தீர்வாகுமா? 2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது நெல் விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே தடை நீக்கப்பட்டது. மண்ணைச் சோதித்து, பயிர் வேண்டும் அளவை வேண்டும் பருவத்திற் பிரித்திடுவதும், அவரையினப் பயிரைச் சுழற்சியிற் சேர்ப்பதும், மலக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைப்பதுமே தக்க வழி. வேருக்கு மிஞ்சிய உரம் கிணற்றுக்கே போய்ச் சேரும்.