முன்பணம் கேட்கும் கார்

இங்கிலாந்தில் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார், வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள். ரசீதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை.

லெஸ்டரில் இருக்கும் நண்பரின் கராஜுக்குள் முதன்முதலில் போனபோது, ஒரு சேஸி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. சதுரக் குழாய்களை வெல்டு செய்து பவுடர் கோட்டிங் கொடுத்த, பார்க்கவே அழகான எலும்புக்கூடு. டிரைவர் சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெட் கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்கள். "மூணு வருசமா இப்படியேதான் நிக்குதுங்க" என்றார். அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தியவர். இவருக்கும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நின்றுபோனது வேலை தெரியாததால் அல்ல. சேஸி வந்தது, பாடி வரவில்லை. பாடிக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிய கம்பெனி அதற்குள் மூடிவிட்டது.

'உங்கள் காரை நீங்களே கட்டுங்கள்' என்பது கேட்க நன்றாக இருக்கும் தலைப்பு. அதை எழுதத்தான் நானும் கிளம்பினேன். விசாரிக்க விசாரிக்க, ஸ்பேனர் பின்னால் போய் ரசீது முன்னால் வந்து நின்றது.

வரிச் சந்தில் வளர்ந்த தொழில்

1957-ல் வந்த 'செவன்' என்ற கார் தொடங்கி, இந்தத் தொழில் சட்டத்தின் சந்துபொந்துகளில் வளர்ந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1973-ல் வாட் வரி வந்ததோடு அந்த லாபம் முடிந்தது. ஆசை மட்டும் முடியவில்லை.

இன்றைக்குக் கடை விரித்திருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் செவனின் சாயலில் வந்தவை. கதவு கிடையாது, கூரை பேருக்கு இருக்கும், சாலையில் உட்கார்ந்துகொண்டே போகிற மாதிரி உயரம். இவை தவிர கோப்ரா நகல்கள், ஜிடி40 நகல்கள், 1964-ல் கலிபோர்னியக் கடற்கரையில் பிறந்து பீட்டில் காரின் வயிற்றில் வளர்ந்த பக்கிகள்.

எதை எடுப்பது? அனுபவசாலிகள் சொல்லும் முதல் யோசனையில் குதிரைசக்திக்கு இடமே இல்லை. ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்கிறார்கள். செவன் வகைக் கார்களில் பெடல் இருக்கும் பகுதி அத்தனை குறுகல். அகலமான ஷூ போட்டால் பிரேக்கை மிதிக்கும்போது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும். ஆறடி ஆளுக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டு, கட்டி முடித்த பிறகு உள்ளே நுழைய முடியாமல் விற்றவர்கள் உண்டு.

இரண்டாவது, டோனர் கார். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் எந்தப் பழைய காரை உடைத்து எடுக்கப்போகிறீர்கள்? ஒரு காலத்தில் எஸ்கார்ட், பிறகு சியரா. இன்று பழைய எஸ்கார்ட்டை உடைக்க யாருக்கும் மனம் வராது. அதுவே சேகரிப்பாளர்கள் தேடும் பண்டமாகிவிட்டது. இப்போது அந்த இடத்தில் எம்எக்ஸ்-5. 1989-லிருந்து ஏராளமாக விற்ற கார். கதவுக்குக் கீழே பாடி துருப்பிடித்து உதிரும். இன்ஜினும் கியர்பாக்ஸும் கல் மாதிரி இருக்கும். கிட் கட்டுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இவ்வளவையும் எல்லோரும் யோசிக்கிறார்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. விற்கிறவர் யார்?

ஐந்து பேர், ஒரு ஷெட்

கிட் கார் கம்பெனி என்றதும் தொழிற்சாலையைக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு ஷெட். முதலாளி, ஒரு வெல்டர், ஃபைபர் பாடி வார்க்கிற ஒருவர் அல்லது இருவர், கணக்குப் பார்க்க வீட்டுக்காரம்மா. மாதத்துக்கு இரண்டு மூன்று கிட் போனால் நல்ல மாதம். இதில் குறை ஒன்றும் இல்லை. பல நல்ல கார்கள் அப்படிப்பட்ட ஷெட்டிலிருந்துதான் வந்திருக்கின்றன.

ஆனால் அந்த ஷெட்டில் பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கும் முன்பணத்தில் உங்களுக்கு இரும்பு வாங்குவார்கள் என்று நினைப்பீர்கள். பணம் தட்டுப்பாடான மாதத்தில், உங்களுக்கு முன்னால் வந்தவருக்குத் தர வேண்டிய பாடிக்கு ரெசின் வாங்க அது போகும். உங்கள் இரும்புக்கு உங்களுக்குப் பின்னால் வருகிறவர் பணம் கட்ட வேண்டும். வரிசையில் ஆள் வந்துகொண்டே இருக்கும்வரை எல்லாம் சுகம். ஒரு குளிர்காலம் ஆர்டர் நின்றால் கடைசியாக நிற்பவர் தலையில் விழுகிறது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. இத்தனைக்கும் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. நல்ல வெல்டராக இருந்து, கணக்கு தெரியாமல் முழுகிப்போனவர்களே அதிகம். முழுகிய பணத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கம்பெனி திவாலானால், இருக்கிற சொத்தில் அடமானம் வைத்திருப்பவர், திவால் நடவடிக்கைச் செலவு, ஊழியர்களின் பாக்கி, வரி என்று முன்னுரிமை உள்ளவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். முன்பணம் கட்டியவர் ஈடு இல்லாத கடன்காரர். பந்தியில் கடைசி இலை. இலை போடுவதற்குள் சோறு தீர்ந்திருக்கும்.

அச்சு பிழைக்கும், கடன் பிழைக்காது

நண்பரை நோகடித்தது பணம் போனது மட்டும் இல்லை. கம்பெனி மூடிய சில மாதங்களில் அதே கார், அதே பெயரில் வேறு ஊரிலிருந்து விளம்பரத்துக்கு வந்தது. இந்தத் தொழிலில் உண்மையான சொத்து இரண்டு: சேஸியைப் பிடித்து வெல்டு செய்யும் ஜிக், பாடி வார்க்கும் அச்சு. திவாலான இடத்தில் அந்த இரண்டையும் வேறொருவர் விலைக்கு வாங்கிக்கொள்வார். காருக்கு மறுஜென்மம். இப்படி மூன்று நான்கு கை மாறிய கார்கள் உண்டு. ஆனால் அச்சை வாங்கியவர் பழைய கம்பெனியின் கடனை வாங்குவதில்லை. நண்பர் புது முதலாளிக்கு எழுதினார். மரியாதையான பதில் வந்தது: வருந்துகிறோம், பாடி தயாராக இருக்கிறது, இன்றைய விலை இது.

"கரூர்ல பஸ் பாடி கட்டக் குடுத்தா, பஸ் மொதலாளி வாரம் ஒருக்காப் போயி பட்டறையில நின்னு பாத்துட்டு வருவாருங்க" என்றார் நண்பர். "நான் படிச்சவன் இல்லீங்களா, ஈமெயில் போட்டுட்டு ஒக்காந்துட்டேன்."

கேட்க வேண்டியவை

பல்லாண்டுகளாக மே மாத முதல் வார விடுமுறையில் ஸ்டோன்லீயில் கூடும் கிட் கார் கண்காட்சியில், பளபளக்கும் டெமோ காரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நண்பர் இப்போது போனால் அதைச் சுற்றுவதில்லை. வாடிக்கையாளர்கள் கட்டிய கார்கள் நிற்கும் வரிசைக்குப் போகிறார். எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், எந்தப் பாகம் கடைசியாக வந்தது, போன் பண்ணினால் எடுக்கிறார்களா? மூன்று பேரிடம் கேட்டால் போதும், கம்பெனியின் ஜாதகம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் லிமிடெட் கம்பெனிகளின் பதிவேட்டை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கைக் காலத்தில் தாக்கல் செய்திருக்கிறார்களா, இதே இயக்குநர் முன்பு எத்தனை கம்பெனிகளைத் தொடங்கிக் கலைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்து நிமிட வேலை. கார் வாங்கும் பரவசத்தில் இருப்பவர் செய்யாத வேலையும் அதுதான்.

அடுத்து, பணம் கட்டும் விதம். 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு ஒரு நல்ல குடை. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், விற்றவர் கைவிட்டாலும் கார்டு கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். 'நாங்கள் கார்டு வாங்குவதில்லை, வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்' என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கிட்டுக்கும் மொத்தமாகக் கட்டாதீர்கள். சேஸிக்குக் கட்டி, சேஸியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சஸ்பென்ஷனுக்குக் கட்டுங்கள். பிறகு பாடி. டெலிவரி தேதியை எழுத்தில் வாங்குங்கள். தேதி எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். தாமதித்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால்தான் சிறுசிறு தவணை.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: முன்பணம் இல்லாமல் சிறு பட்டறை இரும்பு வாங்க முடியாது, மனம் மாறி ஓடிவிடும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள் என்கிறார்கள். சரிதான். அதற்கு ஒரு தவணை போதும்.

கம்பெனி போனால் காகிதமும் போகும்

பாகங்களை எப்படியோ சேர்த்துக் கட்டிவிட்டாலும் பயம் தீராது. சாலையில் ஓட ஐ.வி.ஏ. சோதனையில் தேற வேண்டும். 2009-ல் பழைய எஸ்.வி.ஏ. சோதனையின் இடத்துக்கு வந்தது இது. பிரேக், சீட் பெல்ட், கண்ணாடி, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். உடம்பில் படக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். கூரான இடத்துக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டு, தேறியதும் பிய்த்து எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கிட் எத்தனை முறை ஐ.வி.ஏ. தேறியிருக்கிறது, எதில் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர். அவரே இல்லாவிட்டால்?

பதிவிலும் இதே சிக்கல். பாகங்கள் புதியவை என்பதற்குத் தயாரிப்பாளரின் சான்றும் ரசீதும் இருந்தால் புதிய எண் கிடைக்கும். டோனரின் இரண்டு முக்கியப் பாகங்களைக் காட்ட முடிந்தால் அதன் வயதுக்கேற்ற எண். ஒன்றும் நிரூபிக்க முடியாவிட்டால் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண். அப்பன் பெயர் தெரியாத வண்டி என்று ஊருக்கே அறிவிக்கும் பலகை அது. ஆகவே ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் சேஸி எண்ணைப் போடச் சொல்லுங்கள். பட்டறையில் கிடக்கும் பத்து சேஸியில் எது உங்களுடையது என்று நாளைக்கு வாதாட அந்த எண்தான் சாட்சி.

நண்பர் கதை ஒருவழியாகக் கரையேறியது. வேல்ஸில் ஒருவர் அதே காரைப் பாதியில் விட்டு விற்பதாகக் கேள்விப்பட்டு, வேன் எடுத்துக்கொண்டு போய் மொத்தமாக வாரிக்கொண்டு வந்தார். பாடி, ஒயரிங், இன்னொரு சேஸி எல்லாம் அதில் இருந்தன. புதிதாக வாங்குவதில் பாதி விலைகூட ஆகவில்லை. போன கோடையில் ஐ.வி.ஏ. தேறியது, இரண்டாவது முறையில்.

இப்போது கராஜில் அந்த உபரி சேஸி நிற்கிறது. வெட் கிரைண்டர் பெட்டி அதற்கு இடம் மாறிவிட்டது. சென்ற மாதம் நார்விச்சிலிருந்து ஒருவர் போன் செய்து, சேஸியைத் தனக்கே வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறார்.

"அட்வான்ஸ் அனுப்பட்டுமான்னு கேட்டாருங்க" என்றார் நண்பர். "வேண்டவே வேண்டாம்னுட்டேன். நேர்ல வாங்க, நம்பரைப் பாருங்க, புடிச்சா பணத்தைக் குடுத்துட்டு அப்பவே தூக்கிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டேன்."