மலைக்கு அப்பால் ஒரு நீர்வழி

மேலகரத்தில் நின்று மேற்றிசையை நோக்குவார்க்குத் திரிகூடமலையே உலகின் எல்லையெனத் தோன்றும். குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயரைப் பெற்ற இவ்வூர் மலைக்கும் அருவிக்கும் சாரலுக்கும் உரியது. கடலும் கழியும் சார்ந்த நெய்தல் நிலம் நமக்கு நெடுந்தொலைவில் உள்ளதென்றே எண்ணிப் பழகியுள்ளோம். கடல் காண விரும்பின் கிழக்கே தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ செல்கின்றோம். எனினும், இம்மலையின் கணவாயைக் கடந்து மேற்கே ஏறத்தாழ 60 மைல் செல்வாரைக் கொல்லத்து அஷ்டமுடிக் காயல் எதிர்கொள்ளும். அங்கிருந்து திருவனந்தபுரம் வரையில், கடற்கரையை ஒட்டியே சிறு படகிற் செல்லத்தக்க நீர்வழி ஒன்று முன்னாளில் நடைபெற்றது. அது எவ்வாறு அமைந்தது, எவ்வாறு இயங்கியது, எதனால் ஓய்ந்தது, அது நமக்குக் கற்பிப்பது யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மலையடிவாரத்துத் தமிழர்க்கு அந்நீர்வழியோடு தொடர்பு உண்டானது தற்செயலன்று. மேலகரத்துக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரையும், அதன் வழிவந்த திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தையும் சார்ந்திருந்தது. அவ்வட்டத்தார்க்குத் தலைநகர் சென்னையன்று, திருவனந்தபுரமே. மேல்வழக்கோ, அரசாங்க அலுவலோ, வாணிகமோ எதுவாயினும் அவர்கள் ஆரியங்காவுக் கணவாயின் வழியாய் இறங்கி, 1877ஆம் ஆண்டில் முடிவுற்ற புனலூர்த் தொங்குபாலத்தின் வழியாகக் கல்லடையாற்றைக் கடந்து, கொல்லத்தை அடையலாம்; அங்கே படகேறலாம். 1904ஆம் ஆண்டில் கணவாயின் ஊடே புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னரும், கொல்லத்துக்குத் தெற்கே இருப்புப்பாதை இன்மையால், நீர்வழியே துணையாயிற்று.

இனி, அந்நீர்வழியின் இயல்பை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் மேல்கடல் கொந்தளிக்கும்; அக்காலத்துச் சிறு படகுகள் திறந்த கடலில் செல்லுதல் அரிது. ஆயினும், தன் சீற்றத்தால் வழியை அடைக்கும் அக்கடலே வேறோரிடத்தில் வழியை ஆக்கியும் தருகின்றது. மலையினின்று விரைந்து இறங்கும் ஆறுகள் மணலையும் வண்டலையும் கொணர்ந்து கடல்முகத்திற் சேர்க்கின்றன. அலைகள் அவற்றை மீளக் கரைநோக்கித் தள்ளி, நீண்ட மணல் அணைகளாக அமைக்கின்றன. அணைக்கு உட்புறம் தேங்கிய நீரே காயலாகும். மழைமிகுந்த காலத்து வெள்ளம் அவ்வணையை உடைத்துக் கடலிற் கலக்கும்; பின்னர் அலைகள் உடைப்பை மீண்டும் அடைக்கும். அவ்வாய்க்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் பொழி என்பது. இவ்வாறு கடலுக்கு அருகிலேயே, கடலின் சீற்றம் எட்டாத அமைதியான நீர்ப்பரப்புக்கள் தொடர்ச்சியாக உண்டாயின.

ஈண்டு நினைக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கடலினின்று எழும் முகிலே மேற்குச் சரிவில் பெருமழையாய்ப் பொழிந்து, குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி என்னும் ஆறுகளாய் ஓடிக் கல்லடையாறாகி அஷ்டமுடியை நிரப்புகின்றது. எஞ்சிய முகில் கணவாயின் வழியே நுழைந்து நமக்குச் சாரலாகின்றது. குற்றாலத்து அருவியாய் வீழ்ந்து சிற்றாறாய்க் கிழக்கே ஓடித் தாமிரபரணியிற் கலக்கின்றது. ஆகவே நம் சிற்றாறும் அவர்தம் காயலும் ஒருதாய் மக்கள் எனலாம்.

இயற்கை தந்த காயல்கள் பலவாயினும் அவை தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தது மனிதர் உழைப்பு. 1815 முதல் 1829 வரையில் ஆட்சிப்பொறுப்பு ஏற்றிருந்த இராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், திருவனந்தபுரத்தையும் வடக்கேயுள்ள கடினங்குளம் காயலையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. அது இன்றும் பார்வதி புத்தனாறு எனவே பெயர் வழங்குகின்றது. அதன் தென்கோடித் துறை வள்ளக்கடவு. வள்ளம் என்பது படகு. கடவு என்பது துறை. படகு நின்றொழிந்த பின்னும் சொல் நின்று வரலாறு கூறுகின்றது.

எல்லாவற்றினும் அரிய தடை வர்க்கலையில் இருந்தது. அங்கே செம்புறைக்கல்லாலாய மேட்டுநிலம் கடல்வரை நீண்டு, செங்குத்தாய் முடிகின்றது. அதனால் காயல்தொடர் அறுபட்டது. வடக்கேயிருந்து வந்தோர் படகைவிட்டு இறங்கி, மேட்டைக் கடந்து, அப்பால் வேறு படகு ஏற வேண்டியிருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1867ஆம் ஆண்டளவில், அம்மேட்டின் வயிற்றைக் குடைந்து வழிசெய்யும் வேலை தொடங்கிற்று. ஒன்று ஏறத்தாழ 900 அடியும் மற்றொன்று ஏறத்தாழ 2,300 அடியும் நீளமுள்ள இரு சுரங்கங்கள் வெட்டப்பெற்று, 1880ஆம் ஆண்டளவில் வேலை நிறைவுற்றது. அதன்பின் கொல்லத்துத் தோடு, பரவூர்க் காயல், நடயறக் காயல், வர்க்கலைச் சுரங்கங்கள், அஞ்சுதெங்கு, கடினங்குளம், வேளி, பார்வதி புத்தனாறு என்னும் வரிசையில், ஏற்றிய மூட்டையை இறக்காமலே வள்ளக்கடவு சேர முடிந்தது. தெற்கே கன்னியாகுமரி வரையில் நீர்வழியை நீட்டுங் கருத்தோடு 1860ஆம் ஆண்டளவில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் மட்டும் முற்றுப்பெறாது நின்றது. அதன் பகுதிகளை இன்றும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் காணலாம்.

இவ்வழியிற் சென்ற வள்ளத்தின் அமைப்பும் அறியத்தக்கது. அயினி மரத்தின் பலகைகளை ஆணியின்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து இணைத்தனர். கட்டப்பட்டமையின் அது கெட்டுவள்ளம் எனப்பட்டது. நம் கட்டு என்னும் சொல்லே மலையாளத்தில் கெட்டு என வழங்குகின்றது. ஆணியில்லாத படகு மணற்றிட்டிலோ கரையிலோ மோதினால் உடையாது நெகிழ்ந்துகொடுக்கும். பழுதுபட்ட பலகையைக் கட்டவிழ்த்து மாற்றலாம். மேலே மூங்கிலும் பாயும் கொண்டு வளைந்த கூரை வேய்ந்தனர். ஆழமில்லா இடத்தில் நீண்ட மூங்கிற் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினர். ஆழ்ந்த இடத்தில் துடுப்பு வலித்தனர். காற்று இசைந்தால் பாய் விரித்தனர். கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட 40 மைல் அளவினதாகிய வழியை இவ்வாறு இரவும் பகலுமாகக் கடந்தனர்.

இப்பயணத்தில் விரைவு இல்லை. ஆனால் உறவு உண்டு. சிறு படகிற் சென்றோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, ஒரே துறையில் இறங்கிச் சமைத்து, ஒரே மழையில் நனைந்தனர். கட்டுச்சோறு பகிரப்படாமல் அத்தனை நேரம் கழிவதில்லை. விடுமுறையில் நாமும் தோழர் சிலரும் கொல்லத்துத் துறையில் ஏறி அஷ்டமுடியைக் கடந்தபோது, மீன்கூடையோடு நம்மருகில் அமர்ந்த முதியவள் ஒருத்தி கரைசேருமுன் நம் ஒவ்வொருவர் ஊரும் பெயரும் கேட்டறிந்தாள். தென்காசி என்றவுடன், தானும் குற்றாலத்தில் ஒருமுறை நீராடியதாகக் கூறி மகிழ்ந்தாள். அரைமணிப் போதில் இவ்வளவாயின், முன்னாளில் ஓரிரவு உடனிருந்தார் எவ்வளவு நெருங்கியிருப்பர்!

கிறிஸ்தவ வாசகர்க்கு இத்தகைய பயணம் புதியதன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் 20, 21ஆம் அதிகாரங்களில் பவுலடியார் இக்காலத் துருக்கி நாட்டுக் கரையோரமாய்ச் சென்றமை கூறப்படுகின்றது. துரோவாவினின்று ஆசோ, மித்திலேனே, கீயுவுக்கு எதிர்ப்புறம், சாமு, மிலேத்து, பின்னர்க் கோஸ், ரோது, பத்தாரா என்று நாள்தோறும் ஒவ்வோரிடமாக அப்பயணம் நடந்தது. பத்தாராவில் அவர்கள் பெனிக்கே நாட்டுக்குச் செல்லும் வேறு கப்பல் ஏறினர். சோபத்தர், அரிஸ்தர்க்கு, செக்குந்து, காயு, தீமோத்தேயு, தீகிக்கு, துரோப்பீமு என உடன்பயணிகளின் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் தங்கிய மிலேத்து அன்று துறைமுகம். ஆறு கொணர்ந்த வண்டலால் தூர்ந்து இன்று கடலினின்று பல மைல் உள்ளே கிடக்கின்றது. அக்கரையில் இக்காலத்தும் குலெத் என்னும் மரப்படகுகளிற் சிறு குழுவினராய் உலாவும் வழக்கம் உண்டு. 1925ஆம் ஆண்டில் போத்ரும் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பெற்ற எழுத்தாளர் செவாத் ஷாகிர், கடற்பஞ்சு எடுப்போர் படகுகளில் நண்பர்களோடு சென்றதினின்று அவ்வழக்கம் வளர்ந்தது. அதற்கு நீலப்பயணம் என்று பெயர்.

தமிழ் பயில்வார்க்கு அவ்வதிகாரங்களில் வேறொரு சுவையும் உண்டு. லூக்கா அப்பகுதியைத் தன்மைப் பன்மையில் எழுதுகின்றார். கிரேக்கத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழிலோ, கேட்பாரை விலக்கும் நாங்கள் என்பதும், கேட்பாரையும் உளப்படுத்தும் நாம் என்பதும் வேறு வேறாம். வேதத்தைத் தமிழ்ப்படுத்தினோர் அங்கே நாங்கள் என்பதை மேற்கொண்டனர். உடன்செல்லாத வாசகரை நோக்கிய கதையாதலின் அது பொருந்தும். சிறு படகின் பயன் யாதெனில், ஏறும்போது நாங்கள் நீங்கள் என்று பிரிந்திருந்தோரை இறங்கும்போது நாம் ஆக்குவதே என்போம்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கழி ஊன்றியும் துடுப்பு வலித்தும் இரவெல்லாம் விழித்திருந்த படகோட்டியை அந்த நாம் உளப்படுத்தியதா? நீர் யாவர்க்கும் ஒன்றே. ஆயின், அக்காலத்துத் திருவிதாங்கூரில் கரையேறியவுடன் சிலர்க்குத் தெருக்களும் கோயில்வாயில்களும் அடைக்கப்பட்டிருந்தன. இக்கொடுமைக்கு எதிராகப் பாடிய மலையாள மகாகவி குமாரன் ஆசான், அஞ்சுதெங்குக்கு அருகிலுள்ள காயிக்கரையில் 1873இல் பிறந்தவர். வர்க்கலைச் சுரங்கத்தை அடுத்த சிவகிரியில் வாழ்ந்த ஸ்ரீ நாராயண குருவின் மாணவர். அவர் 1924ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கொல்லத்தினின்று ஆலப்புழைக்கு இந்நீர்வழியின் வடபகுதியில் சென்ற ரெடீமர் என்னும் படகு பல்லனையிற் கவிழ்ந்து உயிர்நீத்தார். கொள்ளத்தக்க அளவுக்கு மேல் அதில் ஆட்களை ஏற்றியிருந்தனர். அவ்வாண்டிலேதான், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமைக்காக வைக்கம் சத்தியாக்கிரகமும் தொடங்கிற்று.

பவுலடியார் பின்னொருகாற் சென்ற பெருங்கப்பல் புயலிற் சிக்கியபோது, மாலுமிகள் சிறு படகில் ஏறித் தாம் மட்டும் தப்ப முயன்றனர். அவர்கள் கப்பலில் நில்லாவிடின் ஏனையோரும் தப்ப இயலாதென்று அவர் எச்சரித்தார். கைதி, போர்வீரர், மாலுமி உள்ளிட்ட 276 பேரும் பிழைத்தனர். ஒரே மரக்கலத்தில் உள்ளோர் வாழ்வதும் வீழ்வதும் ஒன்றாகவே என்பதை இதனினும் தெளிவாக விளக்கல் அரிது.

1918ஆம் ஆண்டில் கொல்லத்தினின்று திருவனந்தபுரத்துக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. நீண்ட படகுச் செலவு சில மணிநேரப் பயணமாய்ச் சுருங்கிற்று. பின்னர்ப் பேருந்தும் சரக்குந்தும் வந்தன. இதனைக் குறைகூறுவார் இலர். நோயாளிக்கும் மாணவனுக்கும் வணிகனுக்கும் விரைவு நன்மையே. ஆயினும், ஆளப்படாத நீர்வழி தூர்ந்துவிடும். சுரங்கங்களில் மண் சரிந்தது. பார்வதி புத்தனாறு ஆகாயத்தாமரையாலும் நகரக் கழிவாலும் நிறைந்தது. வடபகுதியோ நற்பேறு பெற்றது: கொல்லத்தினின்று கோட்டப்புறம் வரையுள்ள வழி 1993ஆம் ஆண்டில் தேசிய நீர்வழி எனப்பட்டது. தென்பகுதியையும் திருத்திக் கோவளத்தினின்று வடகோடிவரை ஒரே நீர்வழியாக்கக் கேரள அரசு முயன்றுவருகின்றது.

அம்முயற்சி நிறைவேறுங்கால், அது செல்வர் உலாவும் அலங்காரப் படகுகளுக்கு மட்டும் உரியதாகாமல், கயிறு திரிப்பாரும் மீன் விற்பாரும் பள்ளிச் சிறாரும் குறைந்த கூலியில் ஏறும் வழியாதல் வேண்டும். நம் கல்லூரி அன்பர்கள் அதுவரை காத்திருத்தலும் வேண்டா. 2018ஆம் ஆண்டில் அகலப்பாதையாகிய கணவாய் வழியே தென்காசியினின்று புகைவண்டி ஏறிப் பதின்மூன்று கண் பாலத்தைக் கண்டவாறே கொல்லம் சேரலாம். அங்கே மாளிகை போன்ற படகை நாடாது, ஊர்மக்கள் ஏறும் படகில் அவர்களோடு அமர்க. கட்டுச்சோறு சிறிது மிகுதியாகவே கொண்டு செல்க. படகோட்டியை அவர் பெயர் கேட்டு அழைக்க.