யூரியாவும் கரியமில வாயுவும்

நெல்லுக்கும் கரும்புக்கும் நாம் மேலுரமாக இடும் யூரியா, எரிசக்தியை மிக அதிகமாக விழுங்கும் ஆலைகளில் தயாராவதாகும். உலகில் செலவாகும் மொத்த எரிசக்தியில் ஏறக்குறைய 2 சதம் அம்மோனியா தயாரிப்புக்கே போகிறது. அந்த அம்மோனியாவில் சுமார் 70 சதம் உரமாகிறது. பூமி வெப்பமடைவதைத் தடுக்க, இரும்பு, சிமெண்டு ஆலைகளைப் போலவே உர ஆலைகளும் கரியமில வாயுவை வெளிவிடுவதைக் குறைத்தாக வேண்டும். இதில் ஆலைகள் செய்யக் கூடியது எது, உழவர்கள் மட்டுமே செய்யக் கூடியது எது என்பதை இங்கு காண்போம்.

யூரியா தயாராகும் விதம்

காற்றில் 78 சதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து இருக்கிறது. ஆனால் நெல் போன்ற பயிர்கள் அதனை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியாவாக மாற்றினால்தான் உரம் தயாரிக்க முடியும். இதற்கு மிகுந்த அழுத்தமும், 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் தேவை.

ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. எரிவாயுவை நீராவியுடன் சேர்த்துப் பிரிக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிடைக்கின்றன. இந்தக் கரியமில வாயுவை அம்மோனியாவுடன் இணைத்தே யூரியா தயாரிக்கிறார்கள். உலைகளைச் சூடாக்க எரிக்கும் எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது.

ஆலைகளில் செய்யக் கூடியவை

முதலாவது, எரிபொருளை மாற்றுவது. நாப்தா, எரி எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றைவிட இயற்கை எரிவாயுவில் கரிப்பொருள் குறைவு. நாப்தாவில் இயங்கி வந்த மணலி உர ஆலை 2019-ஆம் ஆண்டிலும், தூத்துக்குடி உர ஆலை 2021-ஆம் ஆண்டிலும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

இரண்டாவது, வீணாகும் வெப்பத்தை மீட்டு நீராவியாக்கிப் பயன்படுத்துவது. இத்தகைய சீர்திருத்தங்களாலும், புதிய ஆலைகளாலும், எரிவாயுவுக்கு மாறியதாலும், ஒரு டன் யூரியாவுக்கு நம் நாட்டில் 1980-களில் செலவான எரிசக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போது மிச்சமாகிறது.

மூன்றாவது, புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைப் பிடிப்பது. உத்தரப் பிரதேசத்தில் ஆன்லா, பூல்பூர் ஆலைகளில் 2006-ஆம் ஆண்டு முதலே இவ்வாறு பிடித்து யூரியா தயாரிப்பில் சேர்த்து வருகிறார்கள்.

நான்காவது, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. சூரிய ஒளி, காற்றாலை, நீர் மின்சாரத்தைக் கொண்டு இதனைச் செய்தால் கரியமில வாயு உண்டாவதில்லை. இது நமக்குப் புதிதன்று. பஞ்சாபில் நங்கல் உர ஆலை 1961-ஆம் ஆண்டில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு இம்முறையில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் எரி எண்ணெய்க்கும், பின்னர் எரிவாயுவுக்கும் மாறியது. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்து, இம்முறைக்கு மீண்டும் ஊக்கம் தந்துள்ளது.

ஆலையால் தீராத பகுதி

யூரியா என்றாலே அதனுள் கரியமில வாயு அடங்கியிருக்கிறது. ஒரு டன் யூரியாவில் 733 கிலோ, 45 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 33 கிலோ. வயலில் இட்ட சில நாட்களில் மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சிதைக்கிறது. ஆலையில் பிடித்து அடைத்த கரியமில வாயு நம் வயலில் வெளியேறிவிடுகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தாலும், யூரியா தயாரிக்கக் கரியமில வாயுவை வேறிடத்திலிருந்து கொண்டுவந்தாக வேண்டும்.

மேலும், நீர் தேங்கிய நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பொதுவாக 30 முதல் 40 சதமே பயிருக்குச் சேருகிறது. மீதியில் பெரும்பகுதி ஆவியாகியும் நீரில் கரைந்தும் வீணாகிறது. அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் இவ்வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வல்லமை உடையது. ஆகவே, தேவையின்றி இடாமல் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மூட்டையும் ஆலையிலும் வயலிலும் ஒருசேரப் பயன் தருகிறது. கைக்காசும் மிச்சமாகிறது.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து, சிபாரிசு செய்யப்படும் அளவு மட்டும் இடவும்.

2. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தவும். நடவு செய்த 14-ஆம் நாள் முதல் கதிர் வரும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பத்து இடங்களில் பார்க்கவும். மேலிருந்து மூன்றாவதாக உள்ள, நன்கு விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிடவும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணைவிட ஆறு இடங்களிலாவது நிறம் குறைந்திருந்தால் மட்டும் யூரியா இடவும். ஏக்கருக்குக் குறுவையில் சுமார் 30 கிலோ, சம்பாவில் சுமார் 26 கிலோ போதும்.

3. தேங்கிய நீரை வடித்துவிட்டு மேலுரம் இடவும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது நல்லது.

4. நடவுக்கு முன் எக்டருக்கு 6.25 டன் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரத்தை மடக்கி உழவும். நெல்லுக்குப் பின் உளுந்து அல்லது பச்சைப்பயறு விதைக்கவும். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், ஆலையில் அத்தனை வெப்பத்தில் நடக்கும் வேலையை எரிபொருளின்றிச் செய்கின்றன.

பயிர் வெளிர் பச்சையாகத் தோன்றியதும் பக்கத்து வயலைப் பார்த்து யூரியா வீசும் பழக்கத்தை விட்டு, அட்டையைப் பார்த்து இடும் பழக்கத்தை மேற்கொண்டால், விளைச்சல் குறையாமலே உரச் செலவைக் குறைக்கலாம். அட்டை கிடைக்குமிடம் பற்றி அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தை அணுகி, வரும் பருவத்திலேயே பயன்படுத்திப் பார்க்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.