கருவி நம்முடையது – 7: பேட்டரிக்குள் இருந்த சாவி

1998ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு அதற்கு நிதி கொடுத்தது. நடு மையம் வில்லியனூர். எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். ஊருக்கு ஊர் நம்பகமான தொலைபேசி இணைப்பு இல்லாத காலம். மின்சாரமும் நினைத்தபோது போய்விடும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தொலைபேசிக் கம்பி எட்டாத இடத்துக்கு, நிறுவனங்கள் தங்கள் ஆட்களோடு பேசுவதற்காக வைத்திருக்கும் மோட்டரோலா விஎச்எஃப் ரேடியோவை எடுத்து, பேச்சோடு தரவையும் அதன் வழியே அனுப்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்குவார்கள். அது வீராம்பட்டினம் போய், அங்கே ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் ஒலிக்கும். இந்தப் பயன்பாட்டைப் பாராட்டி 1999இல் மோட்டரோலா நிறுவனமே விருது கொடுத்தது.

தயாரித்தவர் நினைத்துப் பார்க்காத வேலையை, பயன்படுத்துகிறவரின் தேவை ஒரு கருவிக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு நம் பகுதியிலேயே இருக்கும் சான்று இது. இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் கருவி அதைவிடச் சிறியது. கையடக்கக் கேம் கன்சோல். குறிப்பாக, சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி.

பிரான்சிலிருந்தோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த உறவினர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன பிஎஸ்பி, வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் இன்னும் சில அலமாரிகளில் கிடக்கும். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய எலக்ட்ரானிக் சாமான்களோடும் எப்போதாவது கண்ணில் படும். தயாரிப்பு 2014இல் நின்றது. அதன் இணையக் கடையில் நேரடியாகப் பணம் கட்டி வாங்கும் வசதியும் 2021 ஜூலையில் போய்விட்டது. நிறுவனத்தைப் பொறுத்தவரை அதன் கதை முடிந்தது.

பொருளைப் பாருங்கள். 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் செயலி, முதல் மாடலில் 32 எம்பி நினைவகம், அடுத்து வந்தவற்றில் 64 எம்பி, 480க்கு 272 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரை, வைஃபை. வில்லியனூர் மையம் தொடங்கிய அதே 1998இன் ஜனவரியில்தான் இன்டெல் தன் 333 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 செயலியை வெளியிட்டது. அன்று வீட்டுக் கணினிக்கு 32 எம்பி நினைவகம் இருந்தாலே நிறைவு. இரண்டு செயலிகளையும் வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஆனாலும் ஊருக்கே தகவல் சொல்லப் போதுமாக இருந்த கணிப்புத் திறன் ஏறக்குறைய அந்த அலமாரியில் கிடக்கிறது. தடையாக இருப்பது ஒன்றே: நீங்கள் எழுதிய நிரலை அது ஓட்டாது.

பூட்டு எப்படிப்பட்டது?

கன்சோலில் ஓடும் ஒவ்வொரு நிரலிலும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும். இயக்கும் முன் கருவி அதைச் சரிபார்க்கும். கையொப்பம் இல்லையென்றால் ஓட்டாது. ஹோம்ப்ரூ என்பது இந்த அனுமதி இல்லாமல் ஆர்வலர்கள் தாங்களே எழுதும் நிரல். அதை ஓட்டுவதற்கு முதலில் சரிபார்ப்பைத் தாண்டியாக வேண்டும்.

பிஎஸ்பியில் இந்தப் பூட்டு படிப்படியாக வந்தது. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 1.0 பதிப்பு ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்த அடிப்படை நிரல், கையொப்பமில்லாத நிரலையும் ஓட்டியது. 2005 மார்ச்சில் அமெரிக்காவுக்குப் போன 1.50 பதிப்பில் சோதனை வந்துவிட்டது. அதை ஆர்வலர்கள் வென்ற விதம் வியக்கவைப்பது: ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள், ஒன்றின் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு % குறி. சோதிக்கும்போது கருவி ஒன்றைப் பார்க்கும். ஓட்டும்போது இன்னொன்றை எடுக்கும். சோனி அதை அடைத்தது. அடுத்து, ஒரு படக் கோப்பைத் திறந்தாலே நிரல் ஓடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் அடைபட்டது. பிறகு விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகள் வழியாக நுழைந்தார்கள்.

2007இல்தான் பெரிய திருப்பம். பிஎஸ்பியின் பேட்டரிக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதில் பேட்டரியின் வரிசை எண் பதிந்திருக்கும். அந்த எண்ணை முழுக்க எஃப் எழுத்துகளாக மாற்றினால், கருவி தன் உள் நினைவகத்தை ஒதுக்கிவிட்டு நேராக மெமரி ஸ்டிக் என்ற கார்டிலிருந்து தொடங்கும். பழுது பார்ப்பவர்களுக்காக நிறுவனமே வைத்திருந்த வழி அது. ஆர்வலர்கள் அதற்கு 'பண்டோரா பேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். ஃபர்ம்வேர் கெட்டுச் செங்கல்லாகிப்போன பிஎஸ்பிகள்கூட அதனால் எழுந்து உட்கார்ந்தன. பிந்தைய மாடல்களில் சோனி இந்த வழியை மூடியது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். சர்வீஸ் சென்டருக்குள் மட்டும் இருந்த பழுது பார்க்கும் சாவி வெளியே வந்ததும், செத்த கருவிகள் பிழைத்தன. பொருளை விற்றபின் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஆதரவை நிறுத்தும் நாளில் நிறுவனம் அந்தப் பொருளையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைச் சரிசெய்யவும், அதில் தன் நிரலை ஓட்டவும் உரிமை இருக்க வேண்டும்.

கடைசி மாற்றம் 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வந்தது. ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு பிஎஸ்3 கன்சோலின் கையொப்ப முறையில் இருந்த பிழையை அங்கே விளக்கியது. அந்த முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண் வேண்டும். சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. அப்படிச் செய்தால் இரண்டு கையொப்பங்களை வைத்துப் பள்ளிக்கூட இயற்கணிதத்திலேயே இரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். பிஎஸ்3க்குள் பிஎஸ்பி விளையாட்டுகளை ஓட்டும் பகுதியும் இருந்ததால், அதைத் தொடர்ந்து பிஎஸ்பியின் சாவிகளும் வெளிப்பட்டன. ஹோம்ப்ரூ நிரல்களுக்கு முறையான கையொப்பமே போட முடிந்தது.

போடும் முறை

கடைசி ஃபர்ம்வேர் பதிப்பு 6.61. முதலில் அமைப்புகள் பகுதியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பார்த்து உங்கள் கருவியின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். பழைய பிஎஸ்பி பேட்டரிகள் உப்பிவிடுவது வழக்கம். உப்பியிருந்தால் அதைக் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, மாற்றுங்கள். மெமரி ஸ்டிக் இப்போது எளிதில் கிடைக்காது. மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டர் போட்டால் போதும்.

கார்டில் இருப்பதை எல்லாம் முதலில் கணினியில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு யுஎஸ்பி கேபிளில் இணைத்தால், 'பிஎஸ்பி' கோப்புறைக்குள் 'கேம்' என்ற கோப்புறை தெரியும். ஒவ்வொரு ஹோம்ப்ரூவும் அதற்குள் தனிக் கோப்புறையாக வரும். ஓடும் கோப்பின் பெயர் 'ஈபூட்'. கேம் மெனுவில் மெமரி ஸ்டிக்கைத் திறந்தால் பட்டியலில் நிற்கும்.

ஹோம்ப்ரூக்கு முழு வசதி தரும் மாற்று ஃபர்ம்வேரில் இரண்டு வகை. ஒன்று தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும். கருவியை முழுதாக அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இன்னொன்று உள் நினைவகத்திலேயே எழுதப்படும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை முதல் வகை. எழுதும் வகையைத் தேர்ந்தால் சார்ஜரைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். பாதியில் நின்றால் கருவி செங்கல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்தது 65ஏ பிரிவு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். 'மீறும் நோக்கம்' என்ற சொல்தான் இங்கே எல்லைக்கோடு. 52ஆம் பிரிவோ, முறையாக வைத்திருக்கும் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவும், வேறொருவர் தனியாக எழுதிய நிரல் அதோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் இடம் தருகிறது. நீங்களே எழுதிய நிரலை உங்கள் கருவியில் ஓட்டுவதும், விற்பனைக்கு வந்த விளையாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிப் போடுவதும் ஒன்றல்ல. கடைகளில் 'நூறு கேம் ஏத்தித் தரேன்' என்று கார்டை நிரப்பிக் கொடுப்பது இரண்டாவது வகை. விளையாட்டை உருவாக்கியவரின் உழைப்பைத் திருடுவது அது. அதனால்தான் ஹோம்ப்ரூ என்றாலே திருட்டு என்ற கெட்ட பெயரும் சேர்ந்து வருகிறது. இந்தத் தொடரைப் படிக்கும் தம்பி, தங்கைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நேரான வழியில் போனவர்களுக்கு அது எங்கே கொண்டு விட்டது என்பதற்கு ஓர் உதாரணம். யென்ஸ் ஆண்டர்சன் என்பவர் நின்டென்டோ டிஎஸ் கருவியில் அதன் எழுத்தாணியால் ஓவியம் தீட்டும் 'கலர்ஸ்!' என்ற ஹோம்ப்ரூவை 2007இல் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்தார். 2012இல் அதன் அடுத்த வடிவம் 3டிஎஸ் கருவிக்காக நின்டென்டோவின் அதிகாரப்பூர்வக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது. அனுமதி இல்லாமல் பிறந்த நிரலுக்கு நிறுவனமே கடையில் இடம் கொடுத்தது.

நமக்கு என்ன?

ஹைதராபாத்தின் கேம்ஷாஸ்த்ரா நிறுவனம் பிஎஸ்பிக்காக 'தேசி அட்டா' என்ற விளையாட்டைச் செய்தது. கபடியும் பட்டம் விடுவதும் அதில் உண்டு. நம் ஊர் விளையாட்டு அந்தத் திரைக்கு வருவதற்கு அன்று ஒரு நிறுவனமும் சோனியின் அனுமதியும் தேவைப்பட்டன. இன்று பாகூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், ஆடு புலி ஆட்டத்தைத் தானே எழுதி அதில் ஓட்டலாம். சி மொழி தெரிந்தவருக்குப் பிஎஸ்பிக்கான இலவசக் கருவித் தொகுப்பு இருக்கிறது. தெரியாதவருக்கு, லுவா என்ற எளிய நிரல் மொழிக்கான 'லுவா பிளேயர்' இருக்கிறது: ஒரு சாதாரண உரைக் கோப்பில் சில வரிகள் எழுதி, கார்டில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்து வருமா என்று கேட்பீர்கள். பிஎஸ்பியின் மெனுவில் தமிழ் இல்லை. 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் விழ வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆனால் நம் எழுத்துகள் 247. ஒவ்வொன்றையும் அகலம் 32, உயரம் 24 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்தால், எழுத்துக்கு 96 பைட். மொத்தம் 23,712 பைட். கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் 32 எம்பியில் அது ஒரு மூலைக்குக் காணாது. நிறுவனம் தராத தமிழை ஒரு வார இறுதியில் நாமே கொடுத்துவிடலாம்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம், விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று, மென்பொருள் எல்லோருக்கும் சொந்தமாக வேண்டும் என்பதற்காகவே உழைக்கிறவர்கள் அவர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் பேட்டரியைச் சோதித்து, பதிப்பு எண்ணை எழுதி, கார்டை நகல் எடுத்து வையுங்கள். இல்லாதவர்கள் ஒரு கட்டத்தாளில் 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் 32க்கு 24 கட்டங்களில் நிரப்பிப் பழகுங்கள். அடுத்த வாரம் அந்தக் கட்டங்களை எண்களாக மாற்றி, லுவாவில் எழுதி, திரைக்குக் கொண்டு வருவோம்.

(தொடரும்)